பெங்களூரு மேசைக்கு முன் ஓர் ஒத்திகை

பெங்களூருவில்தான் 2017 அக்டோபரில் உலக சுடோகு சாம்பியன்ஷிப் நடந்தது. அதற்கு முன் இந்தியாவில் அது நடந்தது 2008இல், கோவாவில். அங்கே பட்டம் வென்றவர் அமெரிக்காவின் தாமஸ் ஸ்னைடர்.

1979இல் ஹோவர்ட் கார்ன்ஸ் அமைத்த புதிருக்கு 1984இல் ஜப்பானின் நிகோலி பத்திரிகை சுடோகு என்று புதுப்பெயர் சூட்டியது. சுடோகு வகைகள் பெருகியது அதன் பிறகுதான்.

உலகப் போட்டிக்கு விதிமுறைக் கையேடு முன்கூட்டியே வந்துவிடும். அதிலுள்ள வகைகளைக் கொண்டு லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா போன்ற அமைப்புகள் இணையத்தில் பயிற்சிப் போட்டி நடத்தும். எண்களுக்குப் பதிலாகக் கூட்டுத்தொகை தரப்படும் கில்லர் வகையில் ஒரு தொகுதியின் இரண்டு கட்டங்களுக்கு 17 என்றால் 8, 9 மட்டுமே. மூன்று கட்டங்களுக்கு 6 என்றால் 1, 2, 3. கட்டங்களின் மேல் வெப்பமானி வரையப்பட்ட தெர்மோ வகையில் குமிழிலிருந்து நுனிவரை எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். கடிகாரம் ஓடும்போது இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கை பழகியிருக்க வேண்டும். ஒத்திகையின் உண்மையான பலன் அதுதான். பயிற்சி மையம் தேடி அலையாமல், வேலூர் மாணவரும் டோக்கியோ வீரரும் ஒரே தாளை, ஒரே கால அளவில் தீர்க்கிறார்கள்.