ஒலிவாங்கி இல்லாத விவாதக் கழகம்

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் தடைப்பட்டபின் எமது கல்லூரி மண்டபத்து ஒலிவாங்கி அலுமாரிக்குள் போனது. பின்னர் விவாதக் கழகத்தில் சேர்ந்த நாங்கள் அதைக் கண்டதேயில்லை. பொறுப்பாசிரியை கடைசி வாங்கில் இருப்பார். குரல் எட்டாவிட்டால் கையை உயர்த்துவார். திரும்பவும் முதலிலிருந்து! நடுங்கியவர்களை முதலில் நேரம் பார்த்து மணியடிக்க விட்டார். அடுத்த தவணையில் அவர்களே மூன்றாம் பேச்சாளர்கள். துணிந்து பேசக்கூடிய தலைப்புகளோ குறைவு. செஞ்சோற்றுக்கடனில் சிறந்தவன் கர்ணனா, கும்பகர்ணனா என்று எத்தனை தடவை மோதினோம்!

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் கழகப் பதிவேடு தொலைந்தது. தென்மராட்சியில் ஒரு மாமரத்தடியில் ஏழு பேர் மீண்டும் கூடினோம். தலைப்பு: ‘நாம் ஊர் திரும்புவோம்’. எதிரணியில் பேச ஒருவரும் எழும்பவில்லை. அதையும் அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்தோம். கழகத்தின் இன்றைய பதிவேடு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய பெயர்களை அக்காமார்தான் எழுதி அனுப்பவேண்டும்.