பாலத்தின் ஆட்டமும் படச்சுருளின் பிழையும்

இயற்பியல் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் காட்டப்பட்டுவரும் சலனப்படம் ஒன்றுண்டு. ஈரத்துணியை முறுக்குவதுபோல ஒரு தொங்குபாலம் இருபுறமும் முறுக்கேறி, இறுதியில் இற்று நீரில் வீழ்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நீரிணையின்மேல் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட பாலம் அது. நவம்பர் 7 அன்று, மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகக் காற்றில் அது அழிந்தது. மனித உயிர் எதுவும் போகவில்லை. காரில் சிக்கிய நாய் ஒன்று மட்டும் மாண்டது.

அதன் நடு வீச்சு 853 மீட்டர். அகலமோ 12 மீட்டர்தான். காற்று ஊடுருவிச் செல்லும் சட்டங்களுக்குப் பதிலாக, பக்கங்களில் 2.4 மீட்டர் உயரத்தில் அடைப்பான எஃகு உத்தரங்களை அமைத்திருந்தனர். காற்றும் பாலத்தின் அசைவும் ஒன்றையொன்று வளர்த்தன.

கட்டும்போதே ஆடத் தொடங்கிய இப்பாலத்தின் மாதிரியை ஆராய்ந்துவந்த வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபார்குவார்சன் அன்று படக்கருவியுடன் அங்கிருந்தார். படக்கருவிக் கடை நடத்திய பார்னி எலியட்டும் படம் பிடித்தார். எலியட்டின் படம் 1998இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இத்தனை புகழ்பெற்ற சான்றினுள் ஒரு பிழை பல்லாண்டுகள் மறைந்து கிடந்தது. நேரில் கண்டோர் குறித்தபடி, பாலம் நிமிடத்திற்கு 12 முறை முறுக்கி மீண்டது. பரவலாகக் கிடைத்த காணொளியிலோ 18 முறை! நொடிக்கு 16 படங்களாக எடுத்த சுருளை, 24 படங்கள் எனக் கருதிக் காணொளியாக்கியதே காரணம் என 2015இல் ஆய்வாளர் சிலர் விளக்கினர். ஒன்றரை மடங்கு விரைவு சிறு பிழையன்று. அசைவின் அளவு மாறாதிருக்க, அதன் முடுக்கம் 2.25 மடங்காகக் கணக்கில் வரும். அதைக்கொண்டு விசையைக் கணித்தால் விடையும் அவ்வாறே பிழைக்கும்.

இன்று திறன்பேசியை அசையாத தரையில் நிறுத்தி, பாலத்தின் ஒரு புள்ளியைப் படத்துக்குப் படம் தொடர்ந்து அதன் அசைவை அளக்கிறார்கள். அளவு தெரிந்த ஏதேனும் ஒரு பாகம் காட்சியில் இருந்தால், திரைப்புள்ளிகளை மில்லிமீட்டராக மாற்றலாம். விலையுயர்ந்த உணர்விகள் இல்லாத இடங்களுக்கு இது பெருங்கொடை. ஆயினும் பழைய பிழை புதிய உருவில் காத்திருக்கிறது: வெளிச்சம் குறைந்தால் பல பேசிகள் நொடிக்கான படங்களின் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதைக் கவனியாது கணக்கிடுபவர் டகோமாவின் தவற்றையே மீண்டும் செய்பவராவார்.

1940இன் படச்சுருளைத் திருத்த உதவியது, பாலத்தருகே நின்றவர்கள் காலத்தைக் கணித்து எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பு. கருவி காட்டியதோடு கண்டவன் எழுதியதையும் ஒப்புநோக்குவது வரலாற்று மாணவனின் முதற்பாடம். பொறியாளனுக்கும் அதுவே பாடம் என்று தோன்றுகிறது.