கீழக்கரையும் அர்வியும்

தமிழ் எழுத்தறியாதார்க்குத் தமிழில் மார்க்கச் சட்டங்களை எட்டச் செய்வது எவ்வாறு? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816-1898) அவர்கள் எதிர்கொண்ட வினா இது. அன்றைய நம் பெண்மணிகளுள் பலர் குர்ஆன் ஓதக் கற்றிருந்தனர். தமிழ் நெடுங்கணக்கை அறியார். அவர்கள் அறிந்த ஹர்ஃபுகளையே ஆலிம் அவர்கள் தேர்ந்தார்கள். முன்னரே வழங்கிவந்த அர்வியில் 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகியவற்றை இயற்றினார்கள். அரபியில் இல்லாத ட, ண, ள ஒலிகளுக்கு அரபி எழுத்துகளே கூடுதல் புள்ளி பெற்றன; ஃபத்ஹு, கஸ்ரு, ளம்மு உயிரொலிகளைக் காட்டின. இதனை அயலெழுத்தென இகழ்வோர், அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு: ஹிஜ்ரி 69) குர்ஆனுக்குப் புள்ளியிட்டதும் தடுமாறிய நாவுகளுக்காகவே என்பதை மறந்தனர் போலும்.

இன்று பார்வையற்ற மாணவர்க்குக் கருவி தேர்வோரும் அவர் எதில் பழகியவர் என்றே முதலில் வினவ வேண்டும். பிரெய்ல் பழகிய விரலுக்கு ஆறு புள்ளி. பழகாதவர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள். வலமிருந்து எழுதப்படும் அரபியும் பிரெய்லில் இடமிருந்து வலமாகவே செல்கிறது. விரல் அறிந்த திசை அது.