சொந்தத்தில் மணமும் குடும்ப நோயும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து

கொச்சியின் மட்டாஞ்சேரி பல குடிவழிகள் அருகருகே வாழ்ந்த ஊர். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் நிற்கும் அவ்வூரில் யூதர், கொங்கணியர், குஜராத்தியர் எனப் பல சமூகத்தார் பெரும்பாலும் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணவுறவு கொண்டனர். இத்தகைய ஊர்களில் பரம்பரை நோய் என்றதும் ‘சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்தது’ என்பதே பொதுவான விளக்கம். பல நாளமில்லாச் சுரப்பிகளில் ஒருசேரக் கட்டிகளை உண்டாக்கும் நோய்களுக்கு அவ்விளக்கம் பொருந்தாது.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தி திடீரென இறந்தாள். பிணக்கூறாய்வில் இரு அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்ததை மருத்துவர் ஃபிராங்கல் 1886-இல் பதிவுசெய்தார். அது ஒரு குடும்பத்தின் நோய் என்று அன்று எவரும் அறியவில்லை.

பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையம் ஆகியவற்றைத் தாக்கும் முதல் வகை குடும்பவழியே வருவதை 1954-இல் வெர்மர் காட்டினார். தைராய்டுப் புற்றுநோய்க்கும் அட்ரீனல் கட்டிக்குமான தொடர்பை 1961-இல் சிப்பிள் சுட்டினார். அது இரண்டாம் வகையாயிற்று. அதற்குக் காரணமான ‘ரெட்’ மரபணுப் பிறழ்வு 1993-இல் தெரியவந்தது. முதல் வகைக்குரிய மரபணுவை 1997-இல் அறிவித்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சந்திரசேகரப்பா. ஃப்ரைபர்க் பெண்ணின் உறவினரிடம் ‘ரெட்’ பிறழ்வு இருப்பது 2007-இல் உறுதியானது. அப்பதிவுக்கு 121 ஆண்டுகளுக்குப் பின் அம்மரணத்தின் காரணம் விளங்கியது.

இவ்விரு வகைகளும் ஓங்கு மரபில் வருபவை. பெற்றோரில் ஒருவரிடம் பிறழ்வு இருந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. நெருங்கிய உறவில் மணப்பது ஒடுங்கு மரபு நோய்களையே பெருக்கும். எனவே வெளியில் மணம் முடிப்பது இந்நோய்க்குத் தடையாகாது.

பயன் தருவது குடிவழியை அறிந்திருப்பதே. ‘ரெட்’ பிறழ்வுகள் சிலவற்றில் ஐந்து வயதுக்குள் குழந்தையின் தைராய்டை அகற்றினால் புற்றுநோயைத் தவிர்க்கலாம். ஆனால் குழந்தைக்கு ஆபத்து உண்டென்பது, பாட்டியோ பெரியப்பாவோ எதனால் இறந்தார் என்று யாரேனும் சொன்னால்தான் தெரியும். பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சும் குடும்பங்கள் அதை மறைக்கின்றன. 1948-க்குப் பின் மட்டாஞ்சேரி யூதர் பலர் இஸ்ரேலுக்குச் சென்றதுபோல் உறவுகள் கடல் கடந்து சிதறும்போது, சொல்ல வேண்டிய செய்தியும் உரியவரைச் சேர்வதில்லை.

முன்னோரின் பெயர்களைப் பேணிய சமூகங்கள் அவர்களது மரணக் காரணங்களையும் பேணியிருந்தால், சில குழந்தைகளேனும் தப்பியிருக்கும்.