ஸ்ட்ரைப்பர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஆரஞ்சு கவுண்டியில் 1983இல் உருவான கிறித்தவ மெட்டல் இசைக்குழு. மைக்கேல் ஸ்வீட் (குரல், கிட்டார்), அவருடைய அண்ணன் ராபர்ட் ஸ்வீட் (டிரம்ஸ்), ஆஸ் ஃபாக்ஸ் (கிட்டார்), டிம் கெய்ன்ஸ் (பேஸ்) ஆகியோர் தொடக்ககால உறுப்பினர்கள். தழும்புகளால் குணமாவதைச் சொல்லும் ஏசாயா 53:5தான் குழுப் பெயருக்கும் மஞ்சள், கறுப்புப் பட்டை உடைகளுக்கும் பின்னணி. மேடையிலிருந்து ரசிகர்களை நோக்கி வேதாகமப் பிரதிகளை வீசுவது இவர்கள் வழக்கம்.

'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்' (1985) விறுவிறுப்பான மெட்டல் தொகுப்பு. 'டு ஹெல் வித் த டெவில்' (1986) குழுவின் உச்சம்; அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு சுருதியில் இணையாக வாசிக்க, மேல் ஸ்தாயியில் மைக்கேலின் குரல் எழும். இந்த இணைப்பே ஸ்ட்ரைப்பரின் அடையாளம். 'இன் காட் வி டிரஸ்ட்'டில் (1988) பாப் மெருகு கூடியது, கிட்டாரின் கூர்மை மழுங்கியது. 'அகெய்ன்ஸ்ட் த லா' (1990) பட்டை உடைகளைக் களைந்து, கரடுமுரடான ஹார்டு ராக்குக்குத் தாவியது. நேரடிச் சமயப் பேச்சும் குறைந்தது. 1992இல் மைக்கேல் விலகினார்; பின்னர் குழு கலைந்தது.

மீண்டும் கூடி வெளியிட்ட 'ரீபார்ன்' (2005) கனத்த, நவீன ஒலி கொண்டது. 'நோ மோர் ஹெல் டு பே' (2013) பழைய இரட்டைக் கிட்டாரை இன்னும் வலுவாகத் திருப்பிக் கொணர்ந்தது. மறுவருகைக்குப் பிந்தைய தொகுப்புகளில் முதலில் கேட்க வேண்டியது இதுவே.