மிச்சத்தில் பிறந்த பொம்மைகள்

சென்னையில் இருக்கிற அக்கா மகள் போன வாரம் போன் பண்ணினாள். "மாமா, பசங்களுக்கு லீவு விட்டாச்சு. செலவில்லாம கையால செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்க. கடையில கைவேலைப் பெட்டின்னு ஒன்னு 800 ரூபா குடுத்து வாங்கினேன், உள்ள பார்த்தா ஐஸ் குச்சியும் கலர் பேப்பரும்தான் இருக்கு" என்றாள். சிரிப்பு வந்தது. ஐஸ் குச்சியைத் தெருவில் பொறுக்கி விசிறி செய்த தலைமுறை நாங்கள். அதையே பெட்டியில் போட்டு விற்கிற காலம் வந்துவிட்டது.

அவளுக்கு ரெண்டு மூணு சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அன்று ராத்திரி முழுக்க இதே யோசனை. இந்த விளையாட்டுச் சாமான்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ராஜாக்கள் சரித்திரம் மாதிரி கல்லில் வெட்டி வைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் புரிந்த வரையில் அதற்கு ஒரு விதி உண்டு. எந்தக் காலத்தில் பெரியவர்கள் வேலையில் என்ன மிச்சம் விழுந்ததோ, அதுதான் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பொம்மை.

சங்க காலத்திலிருந்தே பார்க்கலாம். ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும் பைஞ்சாய்ப் பாவை என்று ஒன்று வருகிறது. பஞ்சாய்க் கோரையைக் கிழித்துச் சிறு பெண்கள் செய்கிற பொம்மை. நாங்கள் நெல் வயலில் களை என்று திட்டிக்கொண்டே பிடுங்குகிறோமே கோரை, அதற்குப் பெரியப்பன் முறை இந்தப் பஞ்சாய்க் கோரை. தண்ணீர் ஓரத்தில் ஆள் உயரம் வளரும். ஆற்று மணலில் வீடு கட்டி விளையாடினால் அதற்குச் சிற்றில் என்று பேர். கோரையும் மணலும்தான் சாமான், காசு ஒன்றும் ஆகாது.

ஆண் பிள்ளைகளுக்குத் தேர். அதைத் தச்சர்தான் செய்தார். குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் பாட்டு ஒன்றில், தச்சன் செய்த சின்னத் தேரில் பிள்ளைகள் ஏறிப் போக முடியாது, ஆனால் கையால் இழுத்துப் போவதிலேயே சந்தோஷப்பட்டுக் கொள்வார்கள் என்று வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பணக்கார வீடு. காயப்போட்ட தானியத்தைக் கோழி கொத்துகிறது. வீட்டுப் பெண் காதில் இருந்த பொன் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். அந்தக் குழை கிடந்து, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழி மறிக்கிறது. எல்லாரும் இதில் பொன்னைத்தான் பார்ப்பார்கள். நான் அந்த மூன்றாவது சக்கரத்தைப் பார்க்கிறேன். நாலு சக்கரம் வைத்தால் மேடு பள்ளத்தில் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்று சக்கரம் எந்தத் தரையிலும் படிந்து உருளும். குழந்தை நடை பழகும் நடைவண்டிக்கு இன்றைக்கும் மூன்று சக்கரம்தானே?

பிள்ளைத்தமிழ் பாடினவர்கள் இதை விடவே இல்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சாமியாகவே இருந்தாலும் தேர் உருட்டாமல் பெரியவனாக முடியாது.

மண்ணைத் தோண்டினாலும் இதே கதைதான். ஹரப்பாவில் சுட்ட மண்ணால் செய்த குட்டி மாட்டு வண்டிகள் கிடைத்தன. கீழடியில் வட்டச் சில்லுகள் கிடைத்தன. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியவை. பானை உடைந்ததற்கு ஆத்தாக்காரி ஒப்பாரி வைத்திருப்பாள். மகளோ ஓட்டை எடுத்துக்கொண்டு பாண்டி ஆடப் போயிருப்பாள். எங்கள் தெருவில் நான் பார்த்தது அதேதான்.

இனி பனைக்கு வருகிறேன். எங்கள் விழுப்புரம் பக்கம் பிள்ளைகளுக்குப் பொம்மைக் கடையே பனைமரம்தான். பனையால் 801 பயன் என்று தால விலாசம் கணக்குச் சொல்கிறது. அதில் பாதி பிள்ளைகள் கைக்கு வந்துவிடும்.

நுங்கு வண்டி எல்லாருக்கும் தெரியும், ஆனால் செய்யச் சொன்னால் பலர் முழிக்கிறார்கள். நுங்கு தின்ற காய் ரெண்டு, ஒரே அளவாக. ஒரு முழக் குச்சியின் ரெண்டு முனையையும் சீவி, முனைக்கு ஒன்றாகக் காயில் குத்தவேண்டும். நீளமான கவைக்குச்சி ஒன்றை அந்த அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் ஓடும். ஆணி, பசை எதுவும் வேண்டாம். மூன்று நாளில் காய் சுருங்கி ஆட்டம் கண்டுவிடும். அதற்குள் அடுத்த நுங்கு வந்துவிடும்.

ஓலைக் காற்றாடிக்கு ஏணி கூட வேண்டாம். வரப்போரம் நிற்கும் வடலியில் கைக்கெட்டுகிற ஓலை போதும். பெரியவர்கள் அறுத்துத் தரணும், ஏனென்றால் மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி கையைக் கிழிக்கும். ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்தில் ரெண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று கூட்டல் குறி மாதிரி கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, அந்த முள்ளைச் சோளத்தட்டையின் நுனியில் செருகினால் முடிந்தது. முள் போகிற ஓட்டை கொஞ்சம் தாராளமாக இருக்கணும், அப்போதுதான் சுற்றும். பிறகு காற்றைப் பார்த்து ஓட வேண்டியதுதான். இதே ஓலையில் சின்னப் பெட்டி மாதிரி பின்னி உள்ளே நாலு கூழாங்கல்லைப் போட்டால் கிலுகிலுப்பை. எங்க ஆயா பேச்சு முடிவதற்குள் ஒன்று பின்னி முடித்துவிடும். அக்கம்பக்கத்தில் குழந்தை பிறந்தால் அதுதான் சீர். பெரிய சீருக்கு ஓலைக் கூடை. செட்டிநாட்டில் கல்யாணத்துக்குக் கொட்டான் கொடுப்பதும் இந்த வகைதான், அவர்கள் அழகு கூட்டிக் கொண்டார்கள்.

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டணத்து ஆட்கள் கைவேலை என்று சொல்லும்போது எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

எங்கள் சின்ன வயசில் பனைக்கு அடுத்த பெரிய பொம்மை தீப்பெட்டி. அப்போது பெட்டி அட்டையில் இல்லை, சீவின மெல்லிய மரத்தகட்டில் வரும். பத்துப் பெட்டியை நூலில் கோத்தால் ரயில். ரெண்டு பெட்டி நடுவே நூலை இழுத்துக் கட்டினால் டெலிபோன். நூல் விறைப்பாக இருந்தால் முப்பதடி தள்ளி நின்று குசுகுசுவென்று பேசினாலும் கேட்கும். தொய்ந்தால் கேட்காது. பேசுகிற அதிர்வு நூல் வழியாக ஓடுகிறது என்பதைப் பாடப் புத்தகத்துக்கு முன்னால் தீப்பெட்டி சொல்லிக் கொடுத்தது.

இந்தத் தீப்பெட்டி எப்படி வந்தது? 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அங்கே பெட்டி ஒட்டினதும் குச்சி அடுக்கினதும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். விடியும் முன்னே பஸ் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அது நிற்க வெகுகாலம் ஆனது. நான் ரயில் விட்ட பெட்டியை என் வயசுப் பிள்ளை ஒன்று கூலிக்கு ஒட்டியிருக்கும். பசை அதே பசை, பெட்டி அதே பெட்டி. எனக்கு விளையாட்டு, அதற்கு வேலை.

கைத்தொழில் பிள்ளைகளுக்கு நல்லது என்ற பேச்சு புதுசு இல்லை. காந்தி 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வி என்று தொடங்கினார், கைத்தொழில் வழியாகவே படிப்பு என்று. அதில் எனக்கு மரியாதை உண்டு. 1953-ல் ராஜாஜி இங்கே கொண்டுவந்த திட்டம் வேறு. கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் பாதியாகக் குறையும், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். குலக்கல்வி என்று பேர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தை எடுத்தார்.

எங்க தாத்தா இதை அடிக்கடி சொல்வார். "பனையேறி மவன் ஓலை பின்னக் கத்துக்கிட்டா அதுக்குப் பேரு படிப்பா? அவன் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே பின்னுவான்டா." ஓலை பின்னத் தெரிவது அழகு. ஆனால் அது மட்டும்தான் தெரியணும் என்று இன்னொருத்தன் முடிவு செய்தால் அது விலங்கு. இது புரியாமல், "அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு திறமை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மொபைல்தான்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப் போகாது. கடையில் வாங்கின ஒரு பிளாஸ்டிக் கார் கையில் இருந்தால் நாங்களும் நுங்கு வண்டியைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். திருவிழாவில் ஒருத்தன் சாவி கொடுக்கிற கார் வாங்கி வந்தபோது தெருவே அவன் பின்னால் போனது.

பிளாஸ்டிக் வந்த பிறகும் விதி மாறவில்லை, மிச்சம்தான் மாறியது. தேய்ந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டினால் பஸ். ப்யூஸ் போன பல்பின் பின்பக்கத்தை நோண்டி உள்ளே தண்ணீர் ஊற்றினால் லென்சு. கண்ணாடியில் வெயிலைப் பிடித்து இருட்டு அறைக்குள் அடித்து, நடுவில் பிலிம் துண்டையும் பல்பையும் பிடித்தால் தாத்தா வேட்டியில் எம்.ஜி.ஆர். நிற்பார். தலைகீழாகத்தான் நிற்பார், பிலிமைத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும். டூரிங் டாக்கீஸ் வாசலில் பொறுக்கின அந்தத் துண்டுக்கு என்ன மதிப்பு தெரியுமா? ஒரு துண்டுக்கு நாலு கோலி.

இந்த விதிக்கு நான் பார்த்த கடைசி நல்ல உதாரணம் சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் ஆரோவில் பக்கத்து மீனவக் கிராமங்களில் பெண்கள் துணி மிச்சத்தில் விரல் நீளத்தில் ஒரு பொம்மை செய்தார்கள். சுனாமிகா என்று பேர். அதை விற்கவில்லை, பரிசாகக் கொடுத்தார்கள். கடலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்த கைகளுக்கு அது ஒரு வேலையும் ஆச்சு.

இப்போது எங்கள் ஊரில் மிச்சம் விழுவதே குறைந்து போச்சு. பனையேறுகிறவர்கள் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் அதிகம். ஏரிக்கரைப் பனைகள் செங்கல் சூளைக்குப் போனதில் பாதி காலி. என் வரப்பில் பதினோரு மரம் நிற்கிறது. சூளைக்காரர் கேட்டு வருவார். அவர் சொல்லும் விலையில் ஒரு மூட்டை உரம் கூட வராது. முளைத்து நுங்கு காட்டப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும் மரம் அது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது நல்ல விஷயம். ஆனால் மரம் இருந்து ஏற ஆள் இல்லாவிட்டால், குருத்தோலையும் நுங்கும் பிள்ளைகள் கைக்கு எப்படி வரும்?

ஏற ஆள் தேவைப்படாத ஒன்று உண்டு, மாவலி. கார்த்திகை தீபத்துக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றுவது. சிவகாசிப் பட்டாசு வருவதற்கு முன்னால் அதுதான் எங்கள் மத்தாப்பு. மாபலிச் சக்கரவர்த்தி கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். நுங்கு பெண்பனையில்தான் கிடைக்கும், மாவலிக்கு ஆண்பனை வேண்டும். அதன் பூக்கதிர் காய்ந்து தானாகக் கீழே விழும். அதைப் பொறுக்கிச் சின்னக் குழியில் போட்டுக் கொளுத்தி, தணலாக இருக்கும்போதே மண்ணைப் போட்டு மூடிவிடணும். மறுநாள் எடுத்தால் கரி. அதை அம்மியில் நைசாக அரைத்துக் காயவைத்து, பழைய துணியில் விரல் கனத்துக்கு நீளமாகச் சுருட்டி இறுக்கித் தைக்கணும். பனமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அதைச் செருகிக் கட்டி, மேலே ரெண்டு முழக் கயிறு. ஒரு முனையில் தணல் வைத்து ஊதி, திறந்த வெளியில் நின்று சுற்றினால் பூப்பூவாகக் கொட்டும். வைக்கோல் போர் பக்கம் போகக் கூடாது, சின்னப் பிள்ளைகள் தனியாகச் சுற்றவும் கூடாது. துணி மட்டும் சுத்தமான பருத்தியாக இருக்கணும். பழைய வேட்டி நல்லது. பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கையில் ஒட்டும்.