புழுங்கல் அரிசி, புறா, ஒரு ஊசி

இந்த எபிசோடை எங்க வீட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன், அப்புறம் நூறு வருஷம் பின்னாடி போகலாம்.

குடிகாட்டில் இருக்கிற என் தாய்மாமா குடிப்பார். குடிக்கிற நாளில் சாப்பிட மாட்டார். மாசக்கணக்கில் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் காலையில் கால் தள்ளாடுது, கண்ணு முழி நிலையா நிக்காம ஆடுது. என்னைப் பார்த்து, செத்துப்போன தாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். போதை இறங்கலைன்னு நினைச்சு விட்டுட்டோம். நானும்தான். மறுநாள்தான் கடலூருக்குத் தூக்கிட்டுப் போனோம். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா கண்ணைப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ ஒழுங்கா சாப்பிட்டார்?" குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் ஊசி போடச் சொன்னார். தயமின் என்றால் வைட்டமின் பி1.

சத்து மாத்திரையில் வர்ற வைட்டமினுக்கு இவ்வளவு அவசரம் ஏன்? தேடிப் போனால் கதை அரிசி மில்லுக்குப் போகுது.

நெல்லைத் தீட்டத் தீட்ட அரிசி வெள்ளையாகும், தவிடு போகும். தவிட்டோடு பி1-உம் போகும். ஆவி மில் வந்த பிறகு ஆசியா முழுக்க பெரிபெரி நோய் பெருகியது. கால் மரத்துப்போகும், இதயம் நின்னுபோகும். 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர், வெள்ளை அரிசி தின்ற கோழிகள் முடங்குவதையும் தவிடு கொடுத்தால் எழுவதையும் பார்த்தார். 1929-ல் அதற்கு நோபல் பரிசு.

நம்ம பக்கத்தில் இதைக் கையில் எடுத்தவர் ராபர்ட் மெக்கரிசன். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் புறாக்களுக்கு வெள்ளை அரிசியைப் போட்டுப் பார்த்தார். 1921-ல் அது புத்தகமாகவும் வந்தது. அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கு.

எனக்குப் பிடிச்ச பகுதி அடுத்தது. பி1 இல்லாத புறாவுக்குத் தலை பின்பக்கமா வளைஞ்சு போகும். 1930-களில் ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் அப்படிப்பட்ட புறாக்களின் மூளைத் திசுவை எடுத்துச் சோதித்தார். அது ஆக்சிஜனை இழுக்கிற அளவு குறைஞ்சிருந்தது. துளி பி1 சேர்த்ததும் ஏறிடுச்சு! மூளை செத்துப் போகலை. சர்க்கரை இருந்தும் அதை எரிக்க முடியாம நின்னிருக்கு. உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே தின்னும். அதனால் அடி அங்கே பலமா விழுது. உடம்பில் பி1 இருப்பு இரண்டு மூணு வாரத்துக்குத்தான் தாங்கும். மிச்சம் மீதி இருக்கும்போது குளுக்கோஸை மட்டும் ஏத்தினா, அதை எரிக்கப் போய் அந்த மிச்சமும் தீர்ந்துடும். டாக்டரம்மாவின் அவசரம் அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

கண், நடை, குழப்பம் மூணையும் சேர்த்து 1881-லேயே கார்ல் வெர்னிக்கே எழுதிட்டார். காரணம்தான் அவருக்குத் தெரியாது. எங்க வேலையில் சொல்ற மாதிரி, பக் ரிப்போர்ட் பக்காவா இருக்கு, ஃபிக்ஸ் வர அரை நூற்றாண்டு ஆச்சு. 1926-ல் ஜாவாவில் யான்சென், டோனாத் இருவரும் தவிட்டில் இருந்து பி1-ஐப் பிரித்தார்கள். 1936-ல் ராபர்ட் வில்லியம்ஸ் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? அரிசிக்குப் பேர்போன நெல்லூர், அப்போ சென்னை மாகாணம்.

அதே மாகாணத்தில், மில்லில் தீட்டின பச்சரிசி சாப்பிட்ட வடக்கு ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதி பெரும்பாலும் தப்பிச்சது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 அரிசிக்குள்ளே இறங்கிடும். அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். எங்க ஆயா அண்டாவில் நெல் அவிச்சு களத்தில் காயப்போட்டது இதுக்காக இல்லை. சோறு நிக்கணும், குருணை குறையணும், அவ்வளவுதான். பழக்கம் அறிவியலை முந்திடுச்சுன்னு பெருமை பேச எனக்கு ஆசைதான். ஆனால் அதே ஆயா வீட்டில்தான் மாமா சோத்தைத் தொடாம குடிச்சார். குடி, பி1 குடலில் ஏறுவதையே தடுக்கும்.

ஊசி போட்ட சில நாளில் கண் நிலைக்கு வந்தது. நடை மெதுவா வந்தது. ஞாபகம் முழுசா வரலை. வெர்னிக்கேயைக் கவனிக்காம விட்டால் அடுத்து வர்றது கோர்சகாஃப். புது நினைவு தங்காது, இடைவெளியை மூளையே கதை கட்டி நிரப்பும். காலையில் பொங்கல் சாப்பிட்டவர், இட்லி சாப்பிட்டேன்னு சொல்வார். பொய் சொல்லலை, அவருக்கு அதுதான் உண்மை. நாங்க விட்ட அந்த ஒரு நாள் எவ்வளவு எடுத்துக்கிட்டதுன்னு யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

இப்போ அத்தை தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் முழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் காலண்டரில் டிக் போடுறாங்க. பத்து நிமிஷம் கழிச்சு மாமா கேட்பார், "மாத்திரை போட்டேனா?" அத்தை காலண்டரைக் காட்டுவாங்க.